இறந்தோர் கணக்கில் இருப்போர் நலம்

ஒருவர் இறந்துவிட்டால் உற்றார் அழுவர், அயலார் கூடுவர், ஈமக்கடன்கள் நிறைவேறும். அதன்பின்னர் வீட்டார் ஒருவர் பதிவாளரிடம் சென்று, இறந்தவரின் பெயர், வயது, தொழில், இறந்த நாள், இறப்பின் காரணம் ஆகியவற்றைக் கூறுவார். பதிவாளர் அவற்றைப் பேரேட்டில் ஒரு வரியாக எழுதிக்கொள்வார். துயரில் ஆழ்ந்திருக்கும் குடும்பத்துக்கு அது வெறும் சடங்காகவே தோன்றும். ஆயினும் அந்த ஒரு வரி பல்லாயிரம் வரிகளோடு சேருமிடத்து, எந்தத் தனி வீட்டிலிருந்தும் காணவியலாத உண்மை புலப்படத் தொடங்குகின்றது. எந்த ஊரில் குழந்தைகள் மிகுதியாக மடிகின்றன? எந்தத் தொழில் மனிதனின் ஆயுளைக் குறைக்கின்றது? எந்தக் குழாயின் நீர் நஞ்சாயிற்று? தம் கையாலேயே தம் உயிரைப் போக்கிக்கொள்வோர் யாவர்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு இறந்தோர் கணக்கைப் போல் உதவும் கருவி வேறில்லை. இதனைத் தம் வாழ்நாட் பணியால் உலகுக்கு உணர்த்தியவர்களுள் தலைசிறந்தவர் வில்லியம் ஃபார் என்னும் ஆங்கில மருத்துவர்.

ஃபார் 1807 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 30 ஆம் நாள், இங்கிலாந்தின் சுரொப்சயர் மாகாணத்திலுள்ள கென்லி என்னும் சிற்றூரில் ஏழைக் குடும்பமொன்றிற் பிறந்தார். அவ்வட்டாரத்துச் செல்வர் யோசேப்பு பிரைசு என்பவர் சிறுவனின் கூர்ந்த அறிவைக் கண்டு, அவனைத் தம் ஆதரவில் வைத்துக் கல்வி கற்பித்தார். 1828 இல் அவர் காலமானபோது, இளைஞரின் மேற்படிப்புக்கென 500 பவுண் விட்டுச் சென்றார். அப்பணமே ஃபாரைப் பாரிசு நகருக்கு அழைத்துச் சென்றது.

அக்காலத்துப் பாரிசு மருத்துவ உலகின் தலைநகராய் விளங்கிற்று. அங்கே பியேர் லூயி என்னும் வைத்தியர், ஒரு சிகிச்சை பயன் தருகின்றதா என்பதை ஆசிரியர் சொல்லைக் கொண்டு துணிதல் தகாது, நோயாளரை எண்ணிப் பார்த்தே துணிதல் வேண்டும் எனக் கற்பித்து வந்தார். ஃபாரின் உள்ளத்தில் அக்கருத்து வேரூன்றியது. இலண்டன் திரும்பிய அவர் 1832 இல் மருந்தாளர் சங்கத்தின் தேர்விற் சித்தியெய்தி வைத்தியத் தொழிலைத் தொடங்கினார். தொழிலில் அவர் பெரும்பொருள் ஈட்டவில்லை. 1837 இல் அவர்தம் இளம் மனைவியார் காசநோயால் இறந்தார். அவ்வாண்டிலேயே, பிரித்தானியப் பேரரசின் நிலை குறித்து மக்கலொக் என்பவர் தொகுத்த பெருநூலில், பிறப்பு இறப்புப் புள்ளிவிபரம் பற்றி ஃபார் எழுதிய கட்டுரை வெளிவந்தது. நோயாளரைத் தனித்தனியே நோக்கிய மருத்துவர் நாட்டையே ஒரு நோயாளராக நோக்கத் தலைப்பட்டது அக்கட்டுரையிலேயே ஆகும்.

இதே காலத்தில் இங்கிலாந்திலே முக்கியமான நிருவாக மாற்றமொன்று நிகழ்ந்தது. அதுகாறும் கோவிற் குருமாரே திருமுழுக்கையும் அடக்கத்தையும் குறித்து வந்தனர். அரச சபையைச் சாராதோர் பலர் அவ்வேடுகளில் இடம்பெறவில்லை. 1836 இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின்படி, 1837 யூலை முதலாம் நாளிலிருந்து பிறப்பு, இறப்பு, விவாகம் ஆகியன குடியியற் பதிவாளர்களாற் பதியப்பெற்றன. இறப்பின் காரணமும் பதிவில் இடம்பெற வேண்டும் என வற்புறுத்தியவர்களுள் எட்வின் சட்விக் என்னும் நிருவாகி குறிப்பிடத்தக்கவர். ஊர்தோறும் இருந்து வந்து குவிந்த ஏடுகளைச் சுருக்கித் தொகுப்பதற்கு ஆள் தேவைப்பட்டது. 1839 இல் அப்பணி ஃபாருக்குக் கிடைத்தது. ஆண்டுக்கு 350 பவுண் ஊதியத்தில் தொடங்கிய அந்த எழுத்து வேலையில் அவர் நாற்பது ஆண்டுகள் நிலைத்திருந்தார்.

பதவி சிறிது, ஆனால் அதனை அவர் சிறிதாகக் கொள்ளவில்லை. பதிவாளர் நாயகத்தின் முதலாவது ஆண்டறிக்கைக்கு ஃபார் எழுதிய கடிதமே ஒரு பூசலுக்கு வித்திட்டது. 1837 ஆம் ஆண்டின் பின்னரைப் பகுதியிற் பதியப்பட்ட இறப்புக்களில் 63 இறப்புக்களைப் பட்டினிச் சாவு என அவர் வகைப்படுத்தியிருந்தார். இது சட்விக்கைச் சினங்கொள்ளச் செய்தது. ஏனெனில், 1834 இல் இயற்றப்பட்ட புதிய வறியோர் சட்டத்தை நடத்தும் ஆணைக்குழுவின் செயலாளர் அவரே. வறியோருக்கு உதவி வழங்கும் சட்டம் இருக்கும் நாட்டில் பசியால் ஒருவர் இறந்தார் என அரசாங்க அறிக்கையே கூறுமாயின், குற்றம் யாரைச் சாரும்? அவர் அவ்வெண்ணிக்கையை மறுத்துக் கடிதம் எழுதினார். ஃபாரோ பின்வாங்கவில்லை. பசி நேரே கொல்வது அரிது; அது உடலைத் தளர்த்தி, காய்ச்சலுக்கும் பேதிக்கும் வழி திறந்துவிடுகின்றது; ஆகவே பட்டினியின் தீமை 63 என்னும் எண்ணுக்கு அப்பாலும் பரந்துள்ளது என்பதே அவர் தந்த மறுமொழியின் சாரம். மரணத்தின் காரணத்தைப் பெயரிட்டுக் கூறுவது வெறும் மருத்துவச் செயலன்று, பொறுப்பை நிருணயிக்கும் செயலும் ஆகும் என்பது இந்தப் பூசலால் விளங்கிற்று.

ஆயினும் இவ்விருவரும் ஒரு நோக்கத்தில் ஒன்றுபட்டிருந்தனர். நகரங்களின் அழுக்கே உயிர்களைக் கொள்ளைகொள்கின்றது என்பது இருவர் கருத்துமாகும். அதை நிறுவும் முறையிலே வேறுபட்டனர். சட்விக் 1842 இல் வெளியிட்ட புகழ்பெற்ற சுகாதார அறிக்கையில், இறந்தோரின் வயதுகளைக் கூட்டிச் சராசரி கண்டு ஊர்களை ஒப்பிட்டார். அம்முறை தவறானது என ஃபார் எடுத்துக்காட்டினார். வேலை தேடி இளைஞர் வந்து குவியும் நகரிலே, குழந்தைகளும் இளைஞருமே மிகுதி. எனவே இறப்போரும் இளவயதினராகவே இருப்பர். அங்கே சராசரி குறைவாய் இருப்பது நகரின் நலக்கேட்டை மட்டுமன்றி, அதன் குடிகளின் வயதமைப்பையும் காட்டுகின்றது. உண்மை காண வேண்டுமாயின், ஒவ்வொரு வயதிலும் உயிருடன் இருப்போர் எத்தனை பேர், அவர்களுள் இறப்போர் எத்தனை பேர் என்று ஒப்பிடல் வேண்டும். குடிசன மதிப்பையும் இறப்புப் பதிவையும் இணைத்து ஆயுள் அட்டவணை வகுப்பது இம்முறையின் பயனே.

1843 இல் வெளிவந்த அவரது அட்டவணைகள் இங்கிலாந்தைத் திடுக்கிடச் செய்தன. வயல்களும் சோலைகளும் நிறைந்த சரி மாகாணத்திற் பிறக்கும் ஒருவரின் சராசரி ஆயுள் 45 ஆண்டு. இலண்டனிற் பிறப்பவருக்கு 37. இலிவர்ப்பூலிற் பிறப்பவருக்கு 26. ஒரே அரசி, ஒரே சட்டம், ஒரே நாடு. எனினும் தொட்டில் வைக்கப்பட்ட இடத்தால் ஆயுளில் 19 ஆண்டு வேறுபட்டது. இலிவர்ப்பூலின் நிலவறைகளில் நெருங்கி வாழ்ந்த தொழிலாளர் வீடுகளிற் குழந்தைகள் நடை பயில்வதற்கு முன்னரே மடிந்தன. இந்நகர் 1847 இல் வைத்தியர் டங்கனைச் சுகாதார வைத்திய அதிகாரியாக நியமித்தது. அப்பதவி இங்கிலாந்துக்கே புதியதாகும்.

மறுவருடம், 1848 இல், பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. ஆண்டுதோறும் ஆயிரம் பேருக்கு 23 பேருக்கு மேல் இறக்கும் ஊரில், ஊரார் விரும்பாவிடினும் சுகாதார சபை அமைக்க அரசுக்கு அதிகாரம் கிடைத்தது. ஓர் எண் சட்டத்தின் வாயிலாகச் செயலாற்றத் தொடங்கிய காட்சி இது. ஃபார் இதிலும் ஒரு படி மேற்சென்றார். நாட்டிலே ஆயிரத்துக்கு 17 பேரே இறக்கும் மாவட்டங்கள் பல இருந்தன. அவை தேவலோகங்களல்ல, சாதாரண மக்கள் சாதாரணமாய் வாழும் இடங்களே. ஆகவே 17 என்பது இயலக்கூடிய அளவு. அதற்கு மேற்பட்ட சாவுகள் இயற்கையின் விதியல்ல, மனிதர் தடுத்திருக்கக் கூடியவை என அவர் வாதித்தார். விதி என்று தலையிற் கைவைத்துக் கொண்டிருந்த சமூகத்துக்கு, அதில் எவ்வளவு விதி, எவ்வளவு அசட்டை எனப் பிரித்துக் காட்டியது இவ்வாதம்.

ஃபாரின் அறிவு நேர்மைக்கு வாந்திபேதி நோய் பெரிய சோதனையாயிற்று. 1848, 1849 ஆம் ஆண்டுகளில் அந்நோய் இங்கிலாந்திலும் வேல்சிலும் சுமார் 53,000 பேரைக் கொன்றது. துர்நாற்றம் கலந்த காற்றே நோயைப் பரப்புகின்றது என்பது அக்காலத்து அறிஞர் பலரின் நம்பிக்கை, ஃபாரும் அக்கொள்கையினரே. இலண்டனின் மரணங்களை ஆராய்ந்த அவர், தேம்சு நதியின் மட்டத்திலிருந்து நிலம் உயர உயர வாந்திபேதிச் சாவு குறைவதைக் கண்டு, அதனை ஒரு கணித விதியாகவே 1852 இல் வெளியிட்டார். எண்கள் மெய், அவற்றுக்குக் கூறிய விளக்கமோ பிழை. தாழ்ந்த பகுதி மக்கள் கெட்ட காற்றைச் சுவாசித்ததன் பயனன்று அது. அழுக்கு நீரைப் பருகியதன் பயனே.

நீரே காரணம் எனக் கூறியவர் வைத்தியர் யோன் சினோ. 1854 இல் நோய் மீண்டும் தலைகாட்டியபோது, தென் இலண்டனில் இரு நீர்க்கம்பனிகள் ஒரே தெருக்களில் நீர் வழங்கி வந்தன. ஒன்று நகரக் கழிவு கலக்கும் இடத்திலிருந்து தேம்சு நீரை எடுத்தது. மற்றையது மேலே தூய இடத்துக்கு மாறியிருந்தது. இறந்தவர் வீட்டுக்கு நீர் தந்த கம்பனி யாது என்பதைச் சினோ வீடுவீடாய் விசாரித்தார். அவருக்கு மரண முகவரிகளை அளித்து உதவியது ஃபாரின் அலுவலகமே. தமது கொள்கைக்கு மாறானவருக்கும் தமது ஏட்டைத் திறந்து வைத்தார் ஃபார். அன்றியும், நீர் எங்கிருந்து வந்தது எனக் குறித்துக்கொள்ளுமாறு தென் இலண்டன் பதிவாளர்களையும் பணித்தார்.

சினோ 1858 இல் இறந்தார். 1866 இல் வாந்திபேதி கிழக்கு இலண்டனைத் தாக்கியது. வாராந்த மரணக் கணக்கை நோக்கிய ஃபார், சாவுகள் யாவும் ஒரு கம்பனி நீர் வழங்கும் பகுதியிலே குவிவதை விரைந்து கண்டுகொண்டார். தாம் வடிகட்டாத நீரை வழங்கவில்லை எனக் கம்பனியின் பொறியியலாளர் பத்திரிகையில் மறுத்தார். ஆனால் குடியிருப்பாளர் தம் நீர்க்குழாயில் விலாங்கு மீன் கண்டதும் வெளிவந்தது. மூடப்படாத தடாகத்து நீர் குழாய்க்குள் புகுந்திருந்தமை பின்னர் தெளிவாயிற்று. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் தாம் எழுதிய விதியைக் கட்டிப்பிடித்துக் கொண்டிராது, நீரே காரணம் என்பதற்கு ஃபார் அறிக்கை வாயிலாகவே சான்று பகர்ந்தார். தம் எண்களுக்குத் தம் கொள்கையைப் பலியிட முன்வருபவனே ஆராய்ச்சியாளன் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

மரணக் காரணங்களுள் ஃபார் தனிக்கவனஞ் செலுத்திய மற்றொன்று தற்கொலை. அக்காலத்து இங்கிலாந்தில் அது பாவமாகவும் குற்றமாகவும் எண்ணப்பட்டது. சித்தசுவாதீனத்துடன் தன் உயிரைப் போக்கிக்கொண்டவர் எனத் தீர்க்கப்பட்டவரின் சொத்து அரசுக்குரியதாகும் என்னும் சட்டம் 1870 வரை நிலவிற்று. ஆதலின் மரண விசாரணை நடத்திய நடுவர்கள் இரக்கத்தால் உண்மையை மறைத்தலும் உண்டு. போதகர் கண்டித்தனர், நீதிபதி தண்டித்தனர், எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே.

1841 இல் வெளிவந்த மூன்றாம் ஆண்டறிக்கையில் ஃபார் இதனை ஏனைய நோய்களைப் போலவே ஆராய்ந்தார். தொழில்வாரியாகப் பிரித்தபோது, நாள் முழுதும் உள்ளே அமர்ந்து வேலைசெய்யும் தையற்காரர் முதலியோரிடையே இது மிகுதியாகவும், வெளியே உடலுழைப்பு மேற்கொள்வோரிடையே குறைவாகவும் காணப்பட்டது. தற்கொலை தனிமனிதனின் தீய குணத்தால் மட்டும் விளைவதாயின், தையல் ஊசியைப் பிடித்தவனிடத்தும் உளியைப் பிடித்தவனிடத்தும் அது சமமாகவே இருத்தல் வேண்டும். அவ்வாறு இல்லாமையால், வாழ்க்கைச் சூழலுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்பது பெறப்பட்டது. பிரெஞ்சு அறிஞர் எமீல் துர்கைம் தற்கொலை பற்றிய தமது பெருநூலை வெளியிட்டது 1897 இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முற்பட்டது ஃபாரின் இந்நோக்கு.

அவ்வறிக்கையில் அவர் கூறிய மற்றொரு கருத்து இன்றும் நினைவுகூரப்படுகின்றது. தற்கொலையிற் பிறரைப் பார்த்துச் செய்யும் போக்கு உண்டு. ஒரு செய்தியை விரிவாகவும் நாடகப் பாங்காகவும் பத்திரிகை வெளியிடுங்கால், நலிந்த உள்ளம் ஒன்று அதனைப் பின்பற்றல் கூடும். ஆகவே பத்திரிகாசிரியர்கள் தம்முள் இணங்கி அத்தகைய விவரணங்களை விட்டொழித்தல் நன்று என அவர் வேண்டினார். உலக சுகாதார நிறுவனம் செய்தியாளருக்கான வழிகாட்டியை 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டபோது, அதன் உட்கருத்து ஏறக்குறைய இதுவாகவே இருந்தது.

ஃபாரின் பணிகள் இவற்றோடு நில்லவில்லை. கிரைமியப் போரிலிருந்து திரும்பிய புளோரன்சு நைற்றிங்கேல் அம்மையார் அவரிடம் ஆலோசனை பெற்றார். சமாதான காலத்திலேயே, படைமுகாமில் வாழும் இளம் வீரர் அதே வயதுடைய குடிமக்களிலும் ஏறக்குறைய இருமடங்கு வீதத்தில் இறப்பதை இருவரும் சேர்ந்து வெளிப்படுத்தினர். 1853 இல் பிரசல்சில் கூடிய புள்ளிவிபர மாநாடு, எல்லா நாடுகளுக்கும் பொதுவான மரணக் காரணப் பட்டியலொன்றை ஆக்குமாறு ஃபாரையும் செனீவா வைத்தியர் மார்க் தெசுப்பீனையும் கேட்டது. அவ்வழியே வளர்ந்த பட்டியலை 1893 இல் பிரான்சு நாட்டின் பெர்த்தியோன் திருத்தியமைத்தார். இன்று உலக சுகாதார நிறுவனம் பேணும் நோய்ப் பகுப்பின் முன்னோடி அதுவேயாகும்.

இத்தனை தொண்டாற்றியவருக்கு முதுமையில் ஓர் ஏமாற்றம் காத்திருந்தது. 1879 இல் பதிவாளர் நாயகம் ஓய்வு பெற்றபோது, அப்பதவி தமக்குக் கிட்டும் என ஃபார் எதிர்பார்த்தார். அது வேறொருவருக்கு வழங்கப்பட்டது. அவர் பணியிலிருந்து விலகினார். 1883 ஏப்பிரல் மாதத்தில் காலமானார். எழுத்து வேலைக்கென அமர்த்தப்பட்ட ஒருவரின் அறிக்கைகளை, 1885 இல் சுகாதார அறிஞர் பெருநூலாகத் தொகுத்து வெளியிட்டனர்.

பதிவேட்டின் பயனை இலங்கையும் கண்கூடாகக் கண்டுள்ளது. 1867 முதல் இங்கே பிறப்பு இறப்புப் பதிவு சட்டத்தால் நிலைபெற்றது. 1946 இல் ஆயிரத்துக்குச் சுமார் 20 ஆக இருந்த இறப்பு வீதம், மலேரியா ஒழிப்பு முயற்சி நாடெங்கும் பரவிய மறுவருடத்தில் சுமார் 14 ஆக வீழ்ந்ததை உலகுக்கு எடுத்துக்காட்டியது அப்பதிவே. அதே பதிவுகள் வேறொரு துயரையும் காட்டின. 1995 ஆம் ஆண்டளவில் இந்நாட்டின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 ஆகி, உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாயிற்று. கிராமங்களில் நிகழ்ந்த இம்மரணங்களுட் பெரும்பகுதிக்குப் பயிர்களுக்கு இடும் பீடைநாசினிகளே கருவியாயின.

அந்நிலையில் அரசு செய்தது யாது? 1984 இல் சில கொடிய பீடைநாசினிகளும், 1995 இல் மிகக் கொடிய வகுப்பில் எஞ்சியவையும், 1998 இல் மற்றொன்றும் தடைசெய்யப்பட்டன. 2005 ஆம் ஆண்டளவில் தற்கொலை வீதம் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்துவிட்டது. 2007 இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டோர், வேலையின்மை, மதுபாவனை, விவாகரத்து, உள்நாட்டுப் போர் ஆகியவற்றின் ஏற்றத்தாழ்வு இவ்வீழ்ச்சிக்குப் பொருந்தவில்லை என்றும், தடைகளின் காலமே பொருந்துகின்றது என்றும் கண்டனர். தடையால் விளைச்சல் குன்றியதாகவும் தெரியவில்லை. இதன் உட்பொருள் எளிது. உயிரை மாய்க்கும் எண்ணம் பலருக்கு ஒரு கணத்துக் கோபத்திலும் துயரிலும் எழுவது. அக்கணம் கடந்துவிட்டால் வாழ்வு மீள்கின்றது. கொடிய நஞ்சு கைக்கெட்டாதிருப்பின் அக்கணம் கடக்க வழி பிறக்கின்றது. முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாகக் கருதிய சட்டமும் 1998 இல் நீக்கப்பட்டது. அதனால் அச்சமின்றி உதவி நாடுவதற்கு இருந்த ஒரு தடை அகன்றது.

எண்ணுதல் இரக்கமற்ற தொழில் என்று சிலர் கருதுவர். தாயின் கண்ணீரை ஓர் எண்ணாகச் சுருக்குவது அவளை அவமதிப்பதன்றோ என வினவுவர். ஃபாரின் வாழ்க்கை அதற்கு விடையாகும். இறந்த குழந்தையை அவரால் மீட்க இயலவில்லை. ஆயினும் அக்குழந்தையின் பெயர் எழுதப்பட்ட வரியை அவர் வீணாக விடவில்லை. அடுத்த வீட்டுக் குழந்தைக்கு நல்ல நீர் கிடைப்பதற்கு அதனையே சான்றாக்கினார். பதிவாளரின் மேசை முன்னே துயரத்தோடு நின்று, இறந்தவரின் வயதையும் நோயையும் மறையாது கூறும் ஒவ்வொருவரும், தாம் அறியாமலே, இருப்போர்க்கும் இனிப் பிறப்போர்க்கும் ஓர் உதவி செய்தவராகின்றனர்.